நெல் மலிந்த வறுமை

மழை பொய்த்து விளைச்சல் குன்றினால் வறுமை வரும் என்பது எவரும் அறிந்ததே. வானம் வழங்கி, வயல் விளைந்து, களஞ்சியம் நிரம்பிய பின்னரும் உழவன் ஏழையாவது உண்டோ? உண்டு. 1930ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்து உழவரை வாட்டியது அத்தகைய வறுமையே. அது வந்த வழியையும், மக்களும் அரசும் அதனை எதிர்கொண்ட வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

1929 அக்டோபர்த் திங்களில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்துப் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து அந்நாட்டில் வங்கிகள் முறிந்தன, ஆலைகள் மூடப்பெற்றன, சில ஆண்டுகளில் வேலையிழந்தோர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. வாங்குவார் குறையவே, உலகெங்கும் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. கடலுக்கு அப்பால் நிகழ்ந்த சரிவுக்கும் காவிரிக்கரை உழவனுக்கும் யாது தொடர்பு என நீங்கள் வினவலாம். நம் நாட்டு நிலக்கடலையும் பருத்தியும் அயல்நாடுகளுக்குச் சென்றன. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி நம் துறைமுகங்களுக்கு வந்தது. உலகச் சந்தையில் விலை இறங்கவே, பிற இடங்களில் விலைபோகாத அரிசி இங்கு மலிவாக வந்து குவிந்தது. நான்கைந்து ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று.

விலை குறைதல் உண்பார்க்கு நன்மையன்றோ எனலாம். வேலை நிலைத்திருந்த மாதச் சம்பளக்காரர்க்கு அது நன்மையே. உழவனோ கடன்பட்டவன். ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். ஒரு கலம் நெல் 2 ரூபாய் விற்ற காலத்தில் ஒருவன் 100 ரூபாய் கடன் பெற்றான் என்று கொள்வோம். அக்கடனைத் தீர்க்க 50 கலம் நெல் போதும். விலை 1 ரூபாயாக இறங்கிய பின்னர் அவன் 100 கலம் அளக்கவேண்டும். பத்திரத்தில் எழுதிய எண் மாறவில்லை. அவன் சிந்தவேண்டிய வியர்வை இருமடங்காயிற்று. வட்டியும் அத்தகையதே; நிலவரியும் அத்தகையதே. மாகாணத்து உழவர் கடன் 150 கோடி ரூபாய் என 1930ஆம் ஆண்டளவில் வங்கி விசாரணைக் குழுவினர் மதிப்பிட்டனர். 1935இல் அதனை ஆராய்ந்த சத்தியநாதன் என்னும் அதிகாரி 200 கோடி எனக் கணித்தார். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து வளர்ந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

மக்கள் முதலில் நாடியது வீட்டிலிருந்த பொன்னையே. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் நாணயத்தைப் பொன்னின் பிணிப்பிலிருந்து விடுவித்தது. பவுனோடு கட்டுண்டிருந்த ரூபாயும் உடன் இறங்கவே, ரூபாய்க் கணக்கில் பொன் விலை ஏறியது. அடகுக் கடைகளுக்கும் தட்டார் பட்டறைகளுக்கும் அணிகலன்கள் வந்து குவிந்தன; அவை உருக்கப்பட்டுப் பம்பாய் வழியாகக் கப்பலேறின. அப்பத்தாண்டில் இந்தியாவை விட்டு நீங்கிய பொன்னின் மதிப்பு 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. விலையேற்றத்தால் மக்கள் ஊதியம் பெறுகின்றனர் என்று ஆட்சியாளர் அந்நாளில் கூறினர். மனைவியின் வளையலை விற்று வரி கட்டியவனை ஊதியம் பெற்றவன் எனல் பொருந்துமோ?

கடல் கடந்து சென்ற தமிழரும் தப்பவில்லை. இரப்பர் விலை வீழ்ந்தமையால் மலாயாத் தோட்டங்களில் ஆள் சேர்ப்பது 1930இல் நிறுத்தப்பட்டது. பல்லாயிரவர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வந்து இறங்கினர். அவர்கள் திரும்பிய ஊரிலும் வேலை இல்லை. பர்மாவில் நெல் நிலங்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் பணத்திற்கு மாற்றாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம் 1930களின் இறுதியில் நூற்றுக்கு 25 பங்கை எட்டியது. அவர்கள் வேண்டியது நிலமன்று. பர்மியர் கண்ட காட்சியோ தம் நிலம் அயலார் கைக்குச் சென்றதேயாம். அதனால் விளைந்த பகையைப் பின்னாளில் இரு சாராரும் அறிந்தனர்.

இனி அரசு செய்தது யாது? தொடக்கத்தில் அது சிக்கனத்தையே நாடியது. 1931 இறுதியில் அலுவலர் ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. 18 பென்சாக இருந்த ரூபாயின் மதிப்பை 16 பென்சாகக் குறைத்தால் விளைபொருள் விலை ஏறும் என்று இந்தியத் தலைவர்கள் வேண்டினர், அரசு இசையவில்லை. நிலவரியில் ஒரு பகுதி தள்ளுபடியாயிற்று; அதுவும் காலந்தாழ்த்தே கிடைத்தது. 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. மந்தம் வருமுன்பே, 1925இல், தொடங்கிய பணி அது. நெல்லுக்கு விலையில்லாத நாளில் நெல் விளைக்கும் நீர் பெருகியது! 1932இல் பைக்காராவில் பிறந்த மின்சாரமோ உடனே பயன்பட்டது. நிலத்தின்மேல் கடன் கொடுக்க அஞ்சிய செல்வர் கோவைப் பகுதியில் நூற்பாலைகள் நிறுவினர்.

ஆரவாரமின்றி நற்பணி செய்தது நிலவள வங்கி. எங்கள் ஆழ்வார்பேட்டைக்கு அணித்தான லஸ் சர்ச் சாலையில் அதன் வழிவந்த வங்கியின் கட்டடத்தைக் காண்போர் பலர். அதன் வரலாற்றை அறிந்தோர் சிலரே. சென்னையில் 1929இல் தோன்றிய மத்தியக் கூட்டுறவு நிலவள வங்கி, அரசின் பொறுப்புறுதியோடு கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டியது. அப்பணத்தை ஆங்காங்கே அமைந்த சிறு வங்கிகள் வாயிலாக உழவர்க்குக் குறைந்த வட்டியில் வழங்கியது. பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் திருப்பினால் போதும். உழவன் அதனைக் கொண்டு பழைய கடனைத் தீர்த்து நிலத்தை மீட்டான். ஈடு வைக்க நிலம் உடையவனுக்கே இவ்வுதவி கிட்டியது என்பதையும் மறத்தலாகாது.

1937இல் இராஜாஜி முதலமைச்சரானார். மறு ஆண்டில் உழவர் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் முதல் நாள் வரை நின்ற வட்டி நிலுவை முழுவதும் நீங்கும். முதலைத் தந்தால் போதும். முதலைப்போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருப்பின் கடனே தீர்ந்ததாகும். எழுதிக் கொடுத்த வாக்கை மீற அரசே துணைபோவதா எனக் கடன் கொடுத்தோர் வெகுண்டனர். அவர்களுள் கைப்பொருளை வட்டிக்கு விட்டு வாழ்ந்த கைம்பெண்களும் இருந்தனர். வேறு சொத்தில்லாத பெண்களுக்கு வரவேண்டிய சிறு கடன்களுக்குச் சட்டம் விலக்கு அளித்தமை பாராட்டத்தக்கது. ஏனையோர் முறையீட்டை ஏற்பது எளிதன்று. விலை வீழ்ந்த பின்னர் அவர்கள் பெறும் 100 ரூபாய் முன்னையினும் இருமடங்கு நெல்லை வாங்க வல்லது. ஆதலின் அவர்கள் இழந்ததில் பெரும்பகுதி எதிர்பாராது வந்த ஊதியமே என்பது என் துணிபு.

1939இல் போர் மூண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று; அங்கிருந்து வந்த அரிசி நின்றது; நெல் விலை விரைந்து ஏறியது. விற்பதற்கு நெல் மிகுதியாக உடையார் தம் பழங்கடனைத் தீர்த்தனர். போர் முடிந்த காலத்தில் மாகாணத்துக் கடன் நிலையை ஆராய்ந்த பேராசிரியர் நாராயணசாமி நாயுடு, பெருநிலக்காரர் கடன் குறைந்ததையும், கூலிக்கு உழைத்து அரிசியை விலைக்கு வாங்கிய நிலமிலார் கடன் உயர்ந்ததையும் கண்டார்.