நிழல் பிடித்துப் பிழைப்போர்

வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாளன்று விடியற்காலையில் பாலக்காடு சந்திப்பில் டிக்கெட்டுச் சாளரத்தின் முன் நிற்போரை நோக்கினால், தோளில் கறுப்புப் பை சுமந்த இளைஞர் இருவர் மூவரை எப்படியும் காணலாம். வண்டியில் எத்துணை இடம் இருப்பினும் அப்பையை அவர்கள் மேல் பலகையில் வைப்பதில்லை. கைக்குழந்தையைப் போல் மடியிலேயே வைத்துக்கொள்வர். பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கல்யாணப் படம் பிடிக்கச் செல்பவர்கள் அவர்கள். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் பல ஆண்டுகளாக அவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்து வருகிறோமேயன்றி, அவர்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் நம் அத்தை முறையாகும் ஓர் அம்மையார்.

அவர் மூணாற்றில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்பவர். மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி எனப் பேருந்தும் ரயிலும் மாறி மாறி ஏறி, ஒலவக்கோட்டிலுள்ள நம் இல்லத்துக்கு ஆடி மாதத்தில் வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகன், தோட்ட வேலைக்குப் போக மனமின்றி, காமிரா ஒன்று வேண்டுமென்று பிடிவாதம் செய்கின்றானாம். தாலிக்கொடி நீங்கலாக வீட்டிலுள்ள பொன் ஒரே ஒரு சங்கிலி. அதனை அடகு வைக்கலாமா என்பதே கேள்வி. "படம் புடிச்சுச் சோறு திங்க முடியுமாய்யா? நீ படிச்சவன், சொல்லு" என்றார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று இப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும் என்பதால், பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

இக்கேள்வி புதியதன்று. சென்னை ராஜதானி அரசாங்கம் 1856-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியைத் தன் நிழற்படக்காரராக நியமித்தது. அவர் பெரிய காமிராவையும் இரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 1858-இல் 21 படங்களாகப் பிடித்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அத்தகைய உழைப்பாளியின் கதி என்னவாயிற்று? 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இஃது ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தச் சொன்னார். மறு ஆண்டில் உத்தியோகம் முடிந்தது. டிரைப் படைத்தொழிலுக்கே திரும்பினார். சர்க்கார் சம்பளம் பெற்றவர் நிலையே அப்படியெனில், சங்கிலியை அடகு வைப்பவர் யோசிக்கத்தானே வேண்டும்?

பின்னாளில் ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் தோன்றியபோது, தொழில் வேறு வகையில் நிலைபெற்றது. அந்நாளைய 120 எண் பிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டே விழும். ஒவ்வொரு சொடுக்கும் காசு. ஆகவே முதலாளி மூச்சடக்கி நின்றே பொத்தானை அழுத்துவார். முகத்தின் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் நெகடிவின் மீது கூரிய பென்சிலால் மறைக்கத் தெரிந்தவருக்கு நல்ல கிராக்கி. படம் கழுவிய ஹைப்போ நீரிலும் வெள்ளி கரைந்திருக்கும். அதையும் வீணாக்காது விற்றவர் உண்டு. பிலிமை நம் நாட்டிலேயே செய்யும் பொருட்டு 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்னும் பெயரில் பிலிமும் தாளும் விற்றது. டிஜிட்டல் காமிரா வந்தபின் பிலிமுக்குத் தேவை அற்றது. முன்னமே நலிந்திருந்த தொழிற்சாலையும் மூடப்பட்டது.

நாம் விசாரித்த வரையில், ஸ்டூடியோக்காரரை உண்மையில் காத்தது அழகிய படமன்று. மனிதர் கட்டாயத்தால் எடுத்துக்கொண்ட சிறிய படமே. ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கு, பாஸ்போர்ட்டுக்கு, ரயில் பாஸுக்கு என்று அரசும் அலுவலகங்களும் கேட்கக் கேட்க அவர் அடுப்பு எரிந்தது. பாலக்காட்டில் 1932-இல் பிறந்த டி. என். சேஷன், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல் வாக்காளர் அனைவர்க்கும் படத்துடன் கூடிய அடையாள அட்டை வேண்டுமென்று உத்தரவிட்டார். அதுவரை காமிராவின் முன் ஒரு முறையேனும் நின்றறியாத எத்தனையோ பேருடைய முகம் அதன்பின்தான் படமாயிற்று.

நம் அப்பத்தா அவர்களுள் ஒருவர். வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த அவருக்கு, லயத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பிடித்த அந்த அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அவர் காலமானபோது அவ்வட்டையை எடுத்துக்கொண்டு நம் தகப்பனார் ஒரு ஸ்டூடியோவுக்குச் சென்றார். கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, மங்கிய கண்களைத் தீட்டி, மூன்றாம் நாள் கொடுத்தார் அந்த ஸ்டூடியோக்காரர். கொடுத்த படத்தில் அப்பத்தா பட்டுச் சேலை உடுத்து, கழுத்தில் காசுமாலை பூண்டிருந்தார்! உயிரோடிருந்த நாளில் குன்றிமணிப் பொன்னும் அவர் அணிந்ததில்லை. "நாம் கேட்கவில்லையே" என்றார் தகப்பனார். "எல்லாரும் கேட்பாங்கண்ணே, அதான் போட்டேன்; அதுக்குத் தனிக் காசு இல்லை" என்பது விடை. அப்படம் இன்றும் நம் கூடத்தில் மாலையுடன் தொங்குகிறது. அதனைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு சங்கடம். நம் தாயாருக்கோ பெருமகிழ்ச்சி.

அந்தச் சிறிய படத்தின் காலமும் இப்போது தேய்கிறது. 2010-இல் தொடங்கிய ஆதாருக்கும், பாஸ்போர்ட் சேவா நிலையங்களிலும் அங்கேயே படம் பிடித்துவிடுகின்றனர். எஞ்சியதைக் கைபேசி கொண்டுபோயிற்று. ஸ்டூடியோ என்று பலகை தொங்கும் கடைகள் பலவற்றில் நகல் எடுத்தலும் லாமினேஷனுமே இன்று முதல் வருமானம்.

மிஞ்சி நிற்பது கல்யாணம். இதில் நம் எல்லைப்புறத்தாருக்கு ஓர் அனுகூலம் உண்டு. தமிழ் வீட்டில் கெட்டி மேளம் ஒலிக்கும் கணமும், மலையாள வீட்டில் புடவை கொடுக்கும் கணமும், பாலக்காட்டு அக்கிரகாரத்தில் மாலை மாற்றி ஊஞ்சலாடும் கணமும் முன்கூட்டித் தெரிந்தவனே சரியான இடத்தில் நிற்பான். தாலி ஏறும்போது புரோகிதரின் முதுகைப் பிடித்துவிட்டால், மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? இரு மொழியும் இரு வழக்கமும் அறிந்த பிள்ளையை இரு பக்கத்தாரும் அழைக்கின்றனர். ஆயினும் ஆடி என்பதும் கர்க்கடகம் என்பதும் ஒரே மாதந்தான். மார்கழியிலும் கல்யாணம் அரிது. அம்மாதங்களில் இரு பக்கமும் அழைப்பிராது, கடன் தவணை மட்டும் தவறாது வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அடியோடு போயின.

மூணாற்றிலேயே சுற்றுலாப் பயணிகளை நம்பலாமே என்றும் அத்தையார் கேட்டார். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2018-இல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளமும் மண்சரிவும் சாலைகளை அடைத்தன. வர வேண்டிய கூட்டம் வரவில்லை. அடுத்த பூ 2030-இல். அதனை எண்ணிக் கடன் வாங்குவது தகாது.

சட்டம் பற்றியும் ஒரு சொல். நம் தங்கையின் கல்யாணப் படத்தை, படம் பிடித்தவர் நம்மைக் கேளாமலே தம் கடை வாசலில் பெரிதாக மாட்டியிருந்தார். நம் தகப்பனார் போய்ச் சண்டையிட்டார்; படம் தமக்கே சொந்தம் என்றார் கடைக்காரர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துப் பிடிக்கச் செய்த படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், பணம் கொடுத்தவருக்கே உரியது. பெரும்பாலோர் இதனை அறியார். மாதிரிக்கு வைக்கும் உரிமை வேண்டுமெனில், முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது தொழில் செய்பவருக்கு நல்லது. அதே தாளில் பாக்கித் தொகை எந்நாளில் என்பதையும் எழுதிவிடலாம். ஏனெனில் ஆல்பம் முடிந்தும் பாக்கி வராது தவிப்பதே இத்தொழிலின் பெருந்துயரம் என்று நாம் விசாரித்தவர் யாவரும் ஒருவாய்ப்படக் கூறினர். நம் வீட்டாரும் தங்கை கல்யாணத்தில் பாக்கியை மூன்று மாதம் இழுத்தவர்களே என்பதை மறைப்பானேன்?

அத்தையாருக்கு நாம் சொன்னது இதுவே: சங்கிலி இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், பையன் ஒரு பருவம் பிறர் காமிராவில் பழகட்டும். நமக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஆவணி முதல் முகூர்த்தம் தொட்டு விளக்குத் தண்டு சுமக்கப் போய் வருகின்றான். நாட்கூலியும் கல்யாணச் சாப்பாடும் உண்டு. சென்ற ஞாயிறன்று அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்பி, இரவு பதினோரு மணிக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றாமலே திண்ணையில் உறங்கிவிட்டான். ஐப்பசியில் வந்து மறுபடி பேசுவதாக அத்தையார் சொல்லியனுப்பியிருக்கிறார்.