காட்டாமலே ஒரு புகார்

ஒரு பதிவின் மேல் ‘ரிப்போர்ட்’ கொடுத்தால், அதைப் போட்டவருக்கு நம் பெயர் போய்விடுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எதுவும் புகார் கொடுத்தவர் யாரென்று பதிவிட்டவரிடம் சொல்வதில்லை. காப்புரிமைப் புகார் இதற்கு விலக்கு. அங்கே உரிமை கோருபவர் தன்னை அடையாளம் காட்டியே ஆக வேண்டும். ஆள் திரட்டிப் புகார் கொடுத்தால்தான் பதிவு நீங்கும் என்ற நம்பிக்கையும் தவறு. எண்ணிக்கை கணக்கில் வராது, விதி மீறப்பட்டதா என்பதைத்தான் பார்க்கிறோம் என்கிறது ஃபேஸ்புக். பிடிக்காத கருத்தை அமுக்கக் கூட்டம் சேர்த்துப் புகார் தட்டுகிறவர்கள், உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரின் குறுக்கே போய் நிற்கிறார்கள்.

அந்த வாசகியின் அடுத்த கேள்விதான் கனமானது. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான், இன்னும் வெளியிடவில்லை. எதன் மேல் புகார் கொடுப்பது?

2017-இல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் ஒரு வழியைச் சோதித்தது. மிரட்டப்படுபவர் அந்தப் படத்தைத் தன் மெசஞ்சருக்கே அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் பார்த்து உறுதிசெய்த பின் அதைத் தடைப்பட்டியலில் சேர்ப்பார். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தவிக்கும் பெண்ணிடம், முதலில் எங்களுக்குக் காட்டு என்பது என்ன நியாயம்? எதிர்ப்பு எழுந்தது.

2021 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து வந்த ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ தளம் இதற்கு விடை கண்டது. அங்கே படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதே இல்லை. போனிலேயே அந்தப் படத்திலிருந்து ‘ஹேஷ்’ என்னும் எண்சரம் ஒன்று உருவாகிறது. அது மட்டும்தான் போகிறது.

எனக்கு வியப்பெல்லாம் அந்தச் சரத்தின் மேல்தான். அதை உருவாக்கும் ‘பி.டி.க்யூ.’ என்ற முறை முதலில் படத்தின் நிறத்தை நீக்குகிறது. பிறகு 64-க்கு 64 புள்ளியாகச் சுருக்குகிறது. வெளிச்சமும் இருட்டும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை 256 பூஜ்ஜியம், ஒன்றுகளாக எழுதிக்கொள்கிறது. என் அத்தை கண்ணாடி போடாமலே தெருமுனையில் வருபவர் யாரென்று சொல்லிவிடுவார். மூக்கும் முழியும் தெரியாது, சட்டை மாறியிருந்தாலும் கவலையில்லை. உருவத்தின் மொத்த வாகு போதும். பி.டி.க்யூ.வும் அப்படித்தான். படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும், தரத்தைக் குறைத்தாலும் சரத்தில் சில இடங்கள்தான் மாறும். பொதுவாக 31 இடங்கள் வரை மாறியிருந்தாலும் அதே படம் என்றே கொள்கிறார்கள். ஆனால் அசல் படத்தை மீட்டெடுக்கும் அளவுக்கு அந்தச் சரத்தில் விவரம் இல்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இந்தச் சரங்களைப் பெறுகின்றன. பொருந்தும் படத்தை யாராவது ஏற்றினால், அது தங்கள் விதியை மீறுகிறதா என்று பார்த்து நீக்குகின்றன. எல்லைகளும் உண்டு. படத்தைப் பெரிதாக வெட்டிவிட்டால் சரம் மாறிவிடும். வாட்ஸ்அப்பின் தனி உரையாடல்கள் முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதால் அங்கே இது எட்டாது. இது 18 வயது நிரம்பியவர்களுக்கானது. அந்த வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் அமெரிக்காவின் ‘டேக் இட் டவுன்’ தளம் இதே முறையில் உதவுகிறது.

இப்படியொரு வசதி இருப்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிரட்டல் வந்ததும் பணம் கொடுக்கிறார்கள், அல்லது வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழித்துவிட்டால் சரம் உருவாக்கப் படம் கையில் இருக்காது. காவல் துறைக்குக் காட்ட உரையாடலும் இருக்காது. பெண்ணிடம் ‘நீ ஏன் எடுத்தாய்’ என்று தொடங்கும் பெற்றோர், அவளை அந்த மிரட்டுபவனிடமே திருப்பி அனுப்புகிறார்கள். படம் வெளியாகிவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவர் சொன்ன 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்லின. மார்ஃபிங் செய்த படத்துக்கும் அது பொருந்தும்.

ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.யில் பதிந்ததும் ஒரு வழக்கு எண்ணும் ஒரு பின் எண்ணும் தருவார்கள். இரண்டையும் உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின் எண் தொலைந்தால் மீட்டுத் தர வழியில்லை.