வெளுத்த பல்லும் ஒட்டாத அடைப்பும்

மன்னார்த் தீவின் பழைய ஆட்களுக்குப் பல் விளக்க வேப்பங்குச்சியும் உமிக்கரியும் போதும். வெற்றிலைக் காவி ஏறிய பல்லை யாரும் குறையாகப் பார்த்ததில்லை. சூத்தை விழுந்தால் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்குவது. அடைத்தவர்கள் சிரித்தால் ஈயநிற அமல்கம் தெரியும். அது பல்லில் ஒட்டாது. உள்ளே அகலக் குடைந்து அழுத்தி நிறுத்தவேண்டும்.

1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவனகோர் எனாமலில் அமிலம் பூசிச் சுரசுரப்பாக்கிப் பிசினை ஒட்டவைத்துக் காட்டினார். பல்நிறக் கொம்போசிட் அந்த வழியில் வந்ததுதான்.

இன்றைக்குச் சிக்கல் வேறு. ஆகஸ்ட் 15 மன்னார் மடு மாதா திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருகிறவர், அதற்குள் பல்லை வெளுத்து, முன்பல் அடைப்பையும் மாற்றிக்கொண்டு போக நினைத்தால் இடிக்கும். வெளுப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட். அது உடைந்து வரும் ஒட்சிசன் பல்லுக்குள் சில நாள் தங்கும். கொம்போசிட் நீல ஒளியில் இறுகும்போது அந்த ஒட்சிசன் குறுக்கே நின்று இறுக்கத்தைக் கெடுக்கும். அடைத்த அன்று குறை தெரியாது, பிடிமானம்தான் இருக்காது. அதனால் ஒன்று முதல் மூன்று கிழமை பொறுக்கச் சொல்கிறார்கள்.

பொறுக்க முடியாதவர்களுக்காகத்தான், தங்கிய ஒட்சிசனை நீக்க, ஒட்சிசனேற்ற எதிரிகளைத் தேடினார்கள். முதலில் விற்றமின் சியிலிருந்து வரும் சோடியம் அஸ்கோர்பேற். பிறகு தாவரங்கள்: திராட்சை விதை, மாதுளந்தோல், தேயிலை. சென்னை இராமாபுரம் எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரியினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெளுத்த பற்களில் 5 வீதத் திராட்சை விதைச் சாறு, 10 வீத அஸ்கோர்பேற்றைவிட நல்ல பிடிமானம் தந்தது. ஆனால் அவை பிடுங்கிய பற்கள். எச்சில் ஊறும் வாயல்ல.

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க (பாவோபாப்) மரத்தின் பழத்திலும் விற்றமின் சி நிறைய உண்டுதான். அதற்காக அதையோ தேசிக்காயையோ பல்லில் தேய்க்கப் போகாதீர்கள். புளிப்பு எனாமலை அரிக்கும். அஸ்கோர்பேற் அதே விற்றமினின் புளிப்பற்ற உப்பு.

சாறு பூசிப் பிடிமானத்தை மீட்டாலும் நிறம் மிச்சம். வெளுத்த பல் அடுத்த இரண்டு கிழமையில் கொஞ்சம் மங்கித்தான் நிலைக்கும். அவசரப்பட்டு நிறம் பார்த்து அடைத்தால் அடைப்பு மட்டும் தனி வெள்ளையாகத் துருத்தும். முதலில் அடைத்துவிட்டுப் பிறகு வெளுப்பதும் சரிவராது. பெரொக்சைட்டுக்குக் கொம்போசிட் வெளுக்காது.