குரலில் வரும் திருத்தம்

கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘தெளிவில்லை’ என்று ஆசிரியர் எழுதுகிறார். எந்த வரி, ஏன் தெளிவில்லை, சொன்னது சலிப்பிலா அக்கறையிலா என்பதெல்லாம் மாணவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. ஆசிரியருக்கோ தன் தொனி போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைப்பு. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலான அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பைத்தான் சோதித்தது. மின்னஞ்சலில் வந்தவற்றில் கிண்டல் எது நிஜம் எது என்று சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை பாதிக்குச் சற்றே மேல். குரலில் கேட்டவற்றில் முக்கால்வாசிக்கு அருகில். தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையே உள்ள தூரமும் இதோடு சேர்கிறது. பேனாவை எடுத்தால் ‘விரித்து எழுதுக’ என்று கட்டளை பிறக்கிறது. அதே ஆசிரியர் வாய் திறந்தால், “இந்த எடத்துல ஒரு உதாரணம் சொல்லியிருந்தா நல்லாப் புரிஞ்சிருக்கும்ப்பா” என்பார். இரண்டாவதில்தான் காரணமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

ஆகவே கட்டுரைக்கான கருத்தை ஆசிரியர் குரலில் பதிந்து அனுப்பலாம். ஆனால் நேரம் மிச்சமாகும் என்று சொல்லி இதை விற்கக் கூடாது. பிரிட்டனின் லீட்ஸ் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் பாப் ராதரம் 2008-இல் நடத்திய ‘சவுண்ட்ஸ் குட்’ திட்டத்தில் குரலில் பதிந்த கருத்தை மாணவர்கள் பெரும்பாலும் வரவேற்றார்கள். ஆனால் நேரம் மிச்சமானது சில ஆசிரியர்களுக்கு மட்டுமே. மெதுவாக எழுதி, வேகமாகப் பேசி, நிறையச் சொல்ல விரும்புபவருக்கே அந்த லாபம். மற்றவர்களுக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: ஃபில் ஐஸும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட இணையவழி வகுப்பு ஆய்வில், எழுத்தில் வந்ததைவிடக் குரலில் வந்த கருத்தை மாணவர்கள் தங்கள் வேலையில் சுமார் மூன்று மடங்கு அதிகமாகப் பயன்படுத்தினார்கள்.

ஒலியைப் புரட்டிப் பார்க்க முடியாதே என்பது நியாயமான கேள்வி. தாளில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அந்த எண்ணைச் சொல்லிப் பேசினால் அது தீரும். காது கேளாத மாணவருக்கும் கைபேசி இல்லாத வீட்டுக்கும் எழுத்துக் குறிப்பு தொடர வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு தாளுக்கும் பேச முடியாது என்பதும் உண்மை. பருவத்துக்கு ஒரு கட்டுரை போதும். அது எந்தக் கட்டத்தில் என்பதே முக்கியம். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்ந்து வந்தபோது கருத்தின் பலன் மங்கியதை இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-லேயே காட்டினார். மதிப்பெண் விழுந்த தாளை மாணவர்கள் பெரும்பாலும் திருத்தி எழுதுவதில்லை. ஆகவே குரல் போக வேண்டியது முதல் வரைவுக்கு. மதிப்பெண், மாணவர் திருத்தி எழுதிய பிரதிக்கு.