கிழங்கும் மொச்சையும்: பொங்கல் விருந்தின் சத்துக் கணக்கு

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துச் சந்தைகளில் சிறுகிழங்கு வந்து இறங்கிவிடும். மண் அப்பிய, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கிழங்கு. ஒவ்வொன்றாகத் தோல் சீவ உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதனால் சாக்குப்பையில் கொட்டி, வாயைக் கட்டி, தரையில் போட்டுத் தேய்ப்பார்கள். சாக்கின் சொரசொரப்பில் தோல் உரிந்து, இரண்டு தண்ணீர் அலசியதும் கிழங்கு வெளுத்து வரும்.

பொங்கல் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் முதலில் தெரிவது சர்க்கரைப் பொங்கல் பானைதான். ஆனால் அன்றைய இலையில் உடலுக்கு அதிகம் கொடுப்பது இந்தக் கிழங்குகளும் மொச்சையும் காய்களும் சேர்ந்த குழம்பு. இனிப்பு குறைந்து குழம்பு கூடினால், தமிழர் பண்டிகைச் சாப்பாடுகளில் இதற்கு இணையான சரிவிகித உணவு கிடைப்பது அரிது.

பச்சரிசியோடு பாசிப்பருப்பு ஏன்?

பொங்கலுக்குப் பச்சரிசிதான் வழக்கம். தீட்டிய பச்சரிசியில் தவிடு நீங்கும்போது தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் நெல்லாக இருக்கும்போதே அவிப்பதால் அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஒரு காலத்தில் தென்னிந்தியாவையும் வாட்டியது. அதை ஆராய 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில் தொடங்கப்பட்ட பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பச்சரிசியின் குறையைப் பாசிப்பருப்பு ஓரளவு ஈடுகட்டுகிறது. 100 கிராம் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது, தயமினும் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே பானையில் வேகும்போது புரதத்தின் தரம் கூடுகிறது. அரிசி ஒரு கப் என்றால் பருப்பைக் கால் கப்போடு நிறுத்தாமல் அரை கப்பாக உயர்த்தினால் பலன் இன்னும் நல்லது. வெண்பொங்கல் குழைவாகவும் வரும்.

வெல்லமும் சர்க்கரைதான்

வெள்ளைச் சர்க்கரைக்கு வெல்லம் பரவாயில்லை என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. வெல்லத்தில் இரும்பு, பொட்டாசியம் போன்றவை சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380 கலோரி, சர்க்கரையில் சுமார் 400. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு பானைக் கணக்கைப் பார்க்கலாம். 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 300 கிராம் வெல்லம் போட்டு எட்டுப் பேருக்குப் பங்கு வைத்தால், ஆளுக்கு 37 கிராம் வெல்லம் சேரும். அதில் சர்க்கரை மட்டும் 30 கிராம் அளவுக்கு இருக்கும். உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள், அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. வெல்லமும் தேனும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே. ஒரு கரண்டிப் பொங்கலிலேயே நாளின் அளவு முடிந்துவிடுகிறது. இரண்டாவது கரண்டிக்கு முன் யோசிக்க இது போதும்.

மண்ணுக்கடியில் விளைந்த சத்து

சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் மார்கழி, தை மாதங்களில் தாராளமாகக் கிடைப்பவை. கிழங்கு என்றாலே மாவுச்சத்து என்று ஒதுக்குபவர்கள் அதோடு வரும் நார்ச்சத்தையும் பொட்டாசியத்தையும் மறந்துவிடுகிறார்கள். 100 கிராம் சர்க்கரைவள்ளியில் ஏறக்குறைய 100 கலோரிதான் இருக்கும். நார்ச்சத்து 3 கிராம் இருக்கும். தோலோடு நீரில் வேகவைத்தது ரத்தச் சர்க்கரையை நிதானமாக ஏற்றும். தணலில் சுட்டதோ வேகமாக ஏற்றிவிடும்.

நிறமும் முக்கியம். நம் சந்தைகளில் அதிகம் கிடைப்பது சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ள ரகம். அதில் பீட்டா கரோட்டின் குறைவு. சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் கதையே வேறு. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூ சோனா’ ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. உடல் இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். இத்தகைய ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்க வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த மரியா ஆன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவரும் 2016இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் இருந்தார்கள்.

சேனையிலும் சேம்பிலும் நாக்கு அரிப்பதற்குக் காரணம், அவற்றில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். நன்றாக வேகவைத்துப் புளிக்கரைசல் சேர்க்கும் வழக்கம் அரிப்பைத் தணிக்கவே வந்தது. பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நடுக் குருத்தை எடுத்துவிட்டு நார் நாராக மென்று தின்பார்கள். மெல்ல நேரம் பிடிக்கும் என்பதால் அளவு மீறாது.

மொச்சை, அவரை, பரங்கி

பொங்கல் குழம்பின் புரதம் மொச்சையில் இருக்கிறது. காய்ந்த மொச்சை 100 கிராமில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. இந்தப் பருவத்தில் கிடைக்கும் பச்சை மொச்சையில் நீர் அதிகம் என்பதால் புரத அளவு குறைந்தாலும் சீக்கிரம் வெந்துவிடும். ஊறிய மொச்சையை இரு விரல்களுக்கு நடுவே அழுத்தி, தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்புக்குத் தனி ருசி. ஆனால் நார்ச்சத்தில் பெரும்பங்கு அந்தத் தோலோடு போய்விடும். காய்ந்த மொச்சையில் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் சிறிதளவு உள்ளன. இரவே ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைத்தால் அவை பெரும்பாலும் நீங்கிவிடும்.

பரங்கிக்காய் 100 கிராமில் 26 கலோரிதான். அதன் மஞ்சள் நிறமே கரோட்டினாய்டுகளின் அடையாளம். ஏழு காய், ஒன்பது காய் என்று ஒற்றைப்படையில் சேர்க்கும் வீடுகளில் பரங்கி தவறாமல் இடம்பிடிப்பதால், ஒரு கரண்டிக் குழம்பில் பலவகைச் சத்துகள் சேர்ந்துவிடுகின்றன.

நெய், மஞ்சள், மிளகு

கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது. அதனால் சோற்றில் விடும் ஒரு தேக்கரண்டி நெய் வீணில்லை. பானை முழுக்க நெய் மிதப்பதுதான் பிரச்சினை. நெய்க் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு.

மிளகில் உள்ள பைப்பரின், மஞ்சளின் குர்குமின் உடலில் சேர்வதைப் பெரிதும் கூட்டுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். அந்தச் சோதனையில் கொடுக்கப்பட்டது பிரித்தெடுத்த குர்குமின், அதுவும் 2 கிராம். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதமே. ஒரு சிட்டிகை மஞ்சளிடம் மருந்தின் வேலையை எதிர்பார்க்க முடியாது.

நீரிழிவு உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பல வீடுகளில் பொங்கல் இலையில் உட்காரும் ஒருவருக்காவது இது இருக்கும்.

சாப்பிடும் வரிசையை மாற்றினாலே பலன் உண்டு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் தின்று, மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்தபோது சர்க்கரை குறைவாக ஏறியதை நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015இல் 11 பேரிடம் கண்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பின்பற்றுவதில் இழப்பில்லை. சாமி கும்பிட்டதும் ஒரு வாய் இனிப்பு, பிறகு மொச்சைக் கூட்டும் காய்களும், அதன்பின் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். கிழங்கு சேர்ந்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும். கரும்பைச் சாறாகக் குடிப்பதைவிட ஒரு துண்டு மெல்வது மேல்; மென்றபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கிழங்கின் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேனை, சேம்பின் அளவைக் குறைப்பது நல்லது. இருவரும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

மிஞ்சியதை வைத்திருக்கும் முறை

பொங்கல் குழம்பை மறுநாள் சுண்டக் காய்ச்சி, பழங்குழம்பாக மாட்டுப் பொங்கலுக்கும் சாப்பிடுவார்கள். புளிப்பும் கொதியும் இருப்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்கவிட்டால் பெரிதாகப் பயமில்லை. சோற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தபிறகும் பிழைத்திருந்து, வெதுவெதுப்பான பானையில் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் இறக்கிய வெண்பொங்கலை இரவுவரை அடுப்படியில் மூடிவைக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.