தலைப்பாகையும் தாடியும்

செப்டம்பர் 8 திருவிழா முடிந்ததும் வேளாங்கண்ணிப் பகுதி வகுப்பறைகளில் மொட்டைத் தலைகள் தென்படும். நேர்த்திக்கடன் என்று நாமும் விட்டுவிடுகிறோம். படையில் முடி விதி அவ்வளவு எளிதில் தளராது. வேலூர்ப் புரட்சிப் பாடத்தை இந்தக் கோணத்திலும் நடத்தலாம்.

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை சிப்பாய்களின் சமயக் குறிகளையும் காதணிகளையும் தடுத்தது. தாடியை மழிக்கச் சொன்னது. தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. திப்புவின் மைந்தர்கள் அங்கே காவலில் இருந்ததும் ஒரு காரணம்தான்; ஆனால் தலைப்பாகையை ஒதுக்கிவிட்டு இப்பாடம் நடத்த இயலாது. புதிய உடை விதிகள் பின்னர் கைவிடப்பட்டன.

இன்று படைகளே தம் விதிகளை மறுபடி பார்க்கின்றன. இறுக்கிய கொண்டைமேல் தலைக்கவசம் சரியாகப் பொருந்துவதில்லை; 2021இல் அமெரிக்கத் தரைப்படை பெண்கள் முடியைப் பின்னலாகத் தொங்கவிட அனுமதித்தது. பிரிட்டிஷ் தரைப்படை 2024 மார்ச்சில் தாடிக்கு இசைந்தது. நம் கடற்படையில் அனுமதி பெற்றுத் தாடி வளர்க்கும் வழக்கம் முன்பே உண்டு. ஆனால் நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டிய இடத்தில் மழிக்கத்தான் வேண்டும். அது வேலைக்கான விதி.

1805 ஆணைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் போர்த்தொழிலுக்கு எதற்குத் தேவை என்று மாணவர்களையே கேளுங்கள். பள்ளியின் முடிவெட்டு விதியையும் யாராவது கேட்பார்கள், பதிலோடு போங்கள்.