கடிதத்தோடு கட்டிய சீட்டு

மதுரையிலிருந்து வெளியூர் செல்லும் சுங்குடிச் சேலைக் கட்டு ஒன்றை நினைத்துப் பார்ப்போம். உள்ளே இருக்கும் சரக்கு வாங்குவோருக்கு உரியது. மேலே ஒட்டிய சீட்டோ லாரிக்காரருக்கும் கிடங்குக்காரருக்கும் உரியது. சீட்டில் பிழை நேர்ந்தால் நல்ல சரக்கும் ஊர் மாறிப் போய்விடும்.

மின்னஞ்சலுக்கும் இத்தகைய சீட்டு உண்டு. நாம் படிக்கும் வாசகத்தோடு, 'இது ஆர்டர். இதன் எண் இன்னது. இதைக் காணுமிடம் இன்னது' என்று கணினி படித்தறியும் குறிப்பையும் சேர்த்தனுப்பலாம். இதற்கான பொதுச் சொற்களை ஸ்கீமா டாட் ஆர்க் என்னும் பெயரில் கூகுள், மைக்ரோசாப்ட், யாஹூ ஆகிய மூன்றும் 2011-இல் கூடி வெளியிட்டன. போட்டியாளர்களே ஒன்றுகூடியது கூட்டுறவாளர்களாகிய நாம் கவனிக்கத்தக்கது. 2013-இல் ஜிமெயில் இக்குறிப்பைப் படித்து, கடிதத் தலைப்பின் அருகிலேயே ஒரு பொத்தானைக் காட்டத் தொடங்கிற்று.

அந்தக் குறிப்பில் இணையப் பக்கத்தின் முகவரியோடு கைப்பேசிச் செயலிக்குள் உள்ள இடத்தின் முகவரியையும் எழுதலாம். செயலி இருந்தால் குறிப்பிட்ட ஆர்டரே அதனுள் திறக்கும். இல்லாவிடில் இணையப் பக்கம் திறக்கும். தேடி அலையும் வேலை மிச்சம்.

சேலையோ மல்லிகையோ செயலி வழியே விற்க முற்படும் சங்கத்தின் காரியதரிசி, அதை அமைத்துத் தருவோரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பது அவசியம். பொத்தான் முகப்பில் நிறுத்திவிடாமல் உரிய ஆர்டருக்கே கொண்டு செல்கிறதா? செயலி இல்லாதவருக்கும் வழி உண்டா? அன்றியும், அனுப்புபவர் கூகுளிடம் பதிவு செய்து, கடிதம் தம்முடையதே என மெய்ப்பித்த பின்னரே ஜிமெயில் பிறருக்குப் பொத்தானைக் காட்டும்.

ஆனால் கடிதத்தின் உள்ளே வரும் சாதாரண இணைப்புக்கு அத்தகைய பரிசோதனை இல்லை. அதை எவரும் எழுதலாம். 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையிலும், ஓர் இணைப்பைத் தொட்டால் பணச் செயலி திறந்து, பெயரும் தொகையும் நிரம்பி நிற்கும். அதற்குச் சம்மதம் தருவது பெரும்பாலும் நமது இரகசிய எண். பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவையில்லை. 'சேலை விலை உங்களுக்கு வந்து சேர எண்ணைப் போடுங்கள்' என்று எவரேனும் சொன்னால், அது நெசவாளியின் கூலியைப் பறிக்கும் சூழ்ச்சியே.

அடுத்த கூட்டத்தில் இதனை அங்கத்தினர் அனைவருக்கும் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். வழிகாட்டும் வேலையைச் சீட்டு செய்யட்டும். அனுப்பியவர் யாரென்று பார்க்கும் வேலை நம்முடையது.